இளமரம் இல்லாத இலுப்பைத் தோப்பு

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த நெய்வேலி டவுன்ஷிப் தோட்டப் பிரிவில் இப்போது இருக்கும் ஓர் இளம் பெண் அலுவலர் எழுதியிருந்தார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இலுப்பை மரங்களைத் தேடிப் போகிறாராம். ஊர் ஊராக அலைந்தும் கிழட்டு மரங்கள் ஒன்றிரண்டுதான் கண்ணில் படுகின்றன என்று வருத்தப்பட்டிருந்தார். “அறுபதுகளில் நீங்கள் இதைப் பற்றி ஆய்வு செய்ததாகச் சொல்கிறார்கள். என்ன காரணம் என்று கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டிருந்தார்.

ஆய்வு என்பதெல்லாம் பெரிய வார்த்தை. நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சரிசெய்யப் போன இடத்தில் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அதை ஒரு வரியில் சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். தோட்டக்கலையில் ஒரு வருடப் பயிற்சி. பதியம் போடுவது, ஒட்டுக் கட்டுவது, உரக்குழி வெட்டுவது எல்லாம் அந்த ஒரு வருடத்தில் அடக்கம். ஐம்பதுகளின் கடைசியில் வேலைக்கு உத்தரவு வந்து, விருத்தாசலத்தில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். எங்கு பார்த்தாலும் செம்மண். முந்திரிக் காட்டை விலக்கிவிட்டுக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிளாக் பிளாக்காகக் கோடு கிழித்து ரோடு போட்டாகிவிட்டது. ஆனால் ரோட்டோரம் ஒரு மரம் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் லாரிக்கு அடியில் நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த ரோடுகளுக்கு நிழல் கொண்டுவருவதுதான் எங்கள் பிரிவின் வேலை.

பிரிவுக்கு அதிகாரி சதாசிவம் சார். கோயம்புத்தூர்க்காரர். அரைக்கைச் சட்டை, சைக்கிள், சட்டைப் பையில் சீவிய பென்சில். வயதில் எவ்வளவு சின்னவனாக இருந்தாலும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சு இன்னும் மெதுவாகிவிடும், அவ்வளவுதான்.

அவரிடம் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அவரே இரண்டு கோடு இழுத்து மூன்று பத்தியாகப் பிரித்திருந்தார். முதல் பத்திக்குத் தலைப்பு ‘பார்த்தது’. அடுத்தது ‘கேட்டது’. கடைசி ‘நினைத்தது’. எந்த மரத்தைப் பற்றி எழுதினாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் எழுத வேண்டும். ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதக்கூடாது.

ஒருமுறை ஒரு தெருவில் நட்ட தூங்குமூஞ்சிக் கன்றுகள் வரிசையாக வாடிவிட்டன. ‘தண்ணீர் போதவில்லை’ என்று முதல் பத்தியில் எழுதிக் கொண்டுபோனேன். படித்துவிட்டுக் கேட்டார்.

“தண்ணி பத்தாததை நீங்க பாத்தீங்களா தம்பி?”

“இல்ல சார். வாடியிருந்தது, அதான்…”

“வாடுனதுதான நீங்க பாத்தது. வாங்க, போலாம்.”

என்னை அழைத்துப் போய், செத்த கன்று ஒன்றைத் தோண்டி எடுக்கச் சொன்னார். வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசினார். தொட்டிக்குள் சுருண்டு வளர்ந்த வேர், மண்ணில் வைத்த பிறகும் விரியாமல் சும்மாடு மாதிரி அப்படியே இருந்தது. நடுகிறபோது வேரைப் பிரித்துவிடாதது எங்கள் தவறு. “செத்ததத் தோண்டிப் பாக்காம அதப் பத்தி எழுதாதீங்க” என்றார். தண்டைக் குறுக்கே வெட்டி முகர்ந்து பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். அழுகலுக்கு ஒரு வாடை உண்டு, தண்ணீரில்லாமல் காய்ந்ததற்கு வேறு வாடை.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகும்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

வடக்குத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். அங்கே கோயிலுக்குச் சொந்தமான இலுப்பைத் தோப்பு ஒன்று இருந்தது. நாற்பது மரத்துக்கு மேல் இருக்கும். நான்கைந்து வருடங்களாக மரங்கள் ஒவ்வொன்றாய் நலிந்துகொண்டே வந்தன. நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பதால்தான் மரம் காய்கிறது என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மரத்துக்கு வயதாகிவிட்டது, விழுந்து யாரையாவது கொல்லும் முன் வெட்டிவிட வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். பஞ்சாயத்துத் தலைவர் கோவிந்தசாமி, வந்து பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி எங்கள் பிரிவுக்கு ஒரு மனு அனுப்பினார்.

அப்போது சதாசிவம் சார் தங்கை கல்யாணத்துக்காக லீவில் ஊருக்குப் போயிருந்தார். எனக்கு வயது இருபத்து நான்கு. அவர் திரும்பி வருவதற்குள் ஒரு காரியத்தை முடித்துவைத்துப் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை. சைக்கிளில் போனேன். ஒரே ஒரு பிற்பகல். மரங்கள் பெரியவை, இலை குறைந்தவை, கிளைகள் பட்டவை. பார்த்த மாத்திரத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன். ‘வயது முதிர்வால் நலிந்துள்ளன, அடியிற்கண்ட எட்டு மரங்கள் அகற்றத் தக்கவை’ என்று எழுதி, வழக்கப்படி ‘அதிகாரிக்காக’ என்று போட்டு என் கையெழுத்தைக் கிறுக்கி அனுப்பிவிட்டேன்.

சார் திரும்பி வந்த நாளில் ஐந்து மரம் விழுந்திருந்தது. பள்ளிக்கூடக் கூரைக்கு உத்திரம் ஆகும் என்று தலைவர் அறுப்புக்காரர்களை உடனே இறக்கிவிட்டிருந்தார். சார் என் கடித நகலைப் படித்தார். மடித்து வைத்தார். “சைக்கிள எடுங்க” என்றார்.

தோப்பில் அவர் ஒவ்வொரு அடிக்கட்டையாகக் குனிந்து பார்த்தார். விரல் கணுவால் தட்டினார். என்னையும் தட்டச் சொன்னார். கட்டை கணீரென்றது. பொந்து இல்லை, உளுப்பு இல்லை. நடுவயிரம் செக்கச் செவேலென்று இருந்தது. பிறகு குவித்துக் கிடந்த கிளைகளைப் புரட்டினார். கிளைக்குக் கிளை புல்லுருவி. இலுப்பையின் சாற்றை உறிஞ்சிப் பச்சைப் பசேலென்று செழித்திருந்தது. தூரத்தில் நின்று பார்த்தபோது நான் மரத்தின் இலை என்று நினைத்ததில் பாதி இந்தப் புல்லுருவியின் இலை.

“இது கிழமுங்களா தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார்.



அங்கே ஒரு கட்டை அருகில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். நிலம் இல்லாத குடும்பம். கூலி வேலை போக, ஒவ்வொரு வருடமும் ஆனி ஆடியில் அந்தத் தோப்பில் இலுப்பைக் கொட்டை பொறுக்கி வியாபாரியிடம் போட்டுத்தான் மழைக்காலத்தைத் தள்ளுவாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். சாரை நேராகப் பார்த்தாள்.

“பெரிய சாருங்களா எழுதுனது? நல்லா இருக்கற மரத்த வெட்டச் சொல்லி எழுத எப்படிங்க மனசு வந்துச்சி? நானு பொறந்ததுல இருந்து கொட்ட பொறுக்கிகினு இருக்கற மரம்ங்க இது.”

கடிதம் அவர் பெயரில் போனதால் அவர்தான் எழுதினார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் சார், “தப்புத்தானுங்க. மிச்ச மூணு மரத்த வெட்டறத நிறுத்திப் போடறோம்” என்றார். எழுதியது நான்தான் என்று நானும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்த ஊர் அவரைத்தான் குற்றவாளியாகப் பார்த்தது. அவர் அதைத் திருத்தவும் இல்லை, என்னைத் திருத்தச் சொல்லவும் இல்லை. எந்தத் தண்டனையும் அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு தொடங்கியது உண்மையான வேலை. வாரத்தில் ஒரு நாள் தோப்புக்குப் போவோம். மரங்களுக்கு எண் போட்டோம். மார்பு உயரத்தில் கயிறு சுற்றி ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுத்தோம். கயிற்றில் முடிச்சுப் போட்டு, முடிச்சு முடிச்சாக நோட்டில் ஏற்றினேன். தோப்புக் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை இறக்கித் தண்ணீர் மட்டம் பார்த்தோம்.

ஒரு நாள் சுற்றளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தச் சொன்னார். எழுதிக்கொண்டே வந்தவன் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டேன். ஆக மெலிந்த மரத்தையே ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாது. கைக்கு அடங்குகிற மரம் இல்லை. தொடை பருமன் இல்லை. ஆளுயரக் கன்றுகூட இல்லை.

“சார், இதுல இளமரமே இல்ல.”

“பாத்தது பத்தியில எழுதுங்க.” எழுதிய பிறகு சொன்னார்: “சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சு எத்தன வருசமுங்க ஆச்சு? இந்தத் தோப்புல புதுசா ஒரு மரம் வந்து எத்தன வருசமுங்க ஆச்சு? ரெண்டும் ஒண்ணில்லீங்களே.”

ஆக, பெரிய மரம் சாவது ஒரு கேள்வி. சின்ன மரம் ஏன் பிறக்கவே இல்லை என்பது அதைவிடப் பழைய கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தவள் அஞ்சலை ஒருத்திதான், அவள் எங்களோடு பேசத் தயாராக இல்லை.

அவளை வழிக்குக் கொண்டுவந்தது எங்கள் நர்சரியின் தோல்விதான். சந்தையிலிருந்து ஒரு மூட்டை இலுப்பைக் கொட்டை வாங்கி, தொட்டி தொட்டியாக விதைத்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. மறுபடி விதைத்தோம். மறுபடியும் இல்லை. நர்சரியில் தினக்கூலிக்கு ஆள் எடுத்தபோது அஞ்சலையும் வந்து சேர்ந்திருந்தாள். தொட்டிகளைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டும் வேலை அவளுக்கு. அழுகின கொட்டையை எடுத்துப் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“எந்தக் காலத்துக் கொட்ட சார் இது?”

“போன ஆடியில விழுந்தது அக்கா.”

“அது எண்ணெ ஆட்டத்தான் ஆவும். விழுந்து பத்து நாளு, பதினஞ்சு நாளுக்குள்ள மண்ணுக்குள்ள போயிடணும். அதுக்கு மேல போனா உசுரு இருக்காதுங்க. இதுகூடத் தெரியாமயா இம்மாம் பேரு உக்காந்துகினு இருக்கீங்க?”

சதாசிவம் சார் பென்சிலை எடுத்தார். அவளுக்கு ஒரு முக்காலியைப் போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். விடியலில் தோப்பைக் கூட்டிவிடுவார்கள். அப்போதுதான் விழுகிற கொட்டை கண்ணில் படும். ஒன்று விடாமல் பொறுக்குவார்கள். வௌவால் தின்றுவிட்டு அடுத்த மரத்தடியில் போட்ட கொட்டையையும் தேடிப் பொறுக்குவார்கள். தப்பித் தவறி மண்ணுக்குள் போனது மழையில் முளைக்கும். முளைத்ததை ஆடு தின்றுவிடும்.

“முன்னாடியும் பொறுக்கினீங்கதான? அப்ப மட்டும் எப்படிங்க மரம் வந்துச்சு?” என்றார் சார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எங்கம்மா காலத்துல கோயில்காரங்க நாலு மரத்தச் சுத்தி முள்ளுவேலி போட்டு வெப்பாங்களாம். அதுங்கீழ யாரும் கை வெக்கக் கூடாது. கோயிலு வெளக்குக்கு எண்ணெ எப்பவும் வேணுமில்லீங்க? மண்ணெண்ணெ வந்துச்சி, அப்பறம் கரண்டு வந்துச்சி. வேலி எதுக்குன்னு வுட்டுட்டாங்க. சோப்புக்குன்னு வியாபாரி மட்டும் வந்துகினே இருக்கறாரு.”

இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். முன்பெல்லாம் ஊர் வாலிபர்கள் மரம் ஏறிப் புல்லுருவியை வெட்டி ஆட்டுக்குப் போடுவார்கள். இப்போது அவர்கள் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு ஷிப்ட் ஷிப்டாகப் போகிறார்கள். மரம் ஏற ஆள் இல்லை. யார்மேலும் குறையாக இதை அவள் சொல்லவில்லை. சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு யார் மரத்தில் தொங்குவார்கள்?

சார் அன்று எழுதிய பக்கம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாவற்றையும் ‘கேட்டது’ பத்தியில்தான் எழுதினார். அடுத்த ஆனியில் நாங்களே விடியலில் போய் நின்று, கூட்டுவதையும் பொறுக்குவதையும் ஆடு மேய்வதையும் கண்ணால் கண்ட பிறகுதான் அதை ‘பார்த்தது’ பத்திக்கு மாற்றினார்.

இரண்டு கோடை இரண்டு மழை பார்த்த பிறகு அறிக்கையை எழுதி முடித்தார். அதைத் தோப்பிலேயே ஊர்க்கூட்டத்தில் படிப்பது என்று ஏற்பாடாயிற்று. நல்ல வெயில். நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். சார் நிதானமாகப் படித்தார். விதை மண்ணில் தங்கவில்லை. தங்கியதை ஆடு விடவில்லை. வேலி போடுவது நின்றுபோனது. புல்லுருவி கவனிப்பில்லாமல் பெருகியது. தண்ணீரைப் பொறுத்தவரை, கிணற்று மட்டம் கோடையில் இறங்கி மழையில் ஏறுகிறது. முந்தைய கால அளவு எவரிடமும் இல்லாததால் மரத்துக்கு அதனால் கேடு உண்டா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது.

தலைவர் கோவிந்தசாமி எழுந்துவிட்டார்.

“இன்னா சார் இது? ரெண்டு வருசமா வந்துகினு போயிகினு இருந்துட்டு, கடசீல தெரியலன்னு எழுதியாந்து படிக்கிறீங்க?”

“தண்ணி விசயம் தெரியலீங்க தலைவரே. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதித்தானுங்க அஞ்சு மரம் போச்சு.”

“அத எழுதுனதே நீங்கதான சார்! அன்னிக்கி வயசாயிடுச்சின்னீங்க, இன்னிக்கி ஆடு தின்னுதுங்கறீங்க. நாளைக்கி இன்னா சொல்லுவீங்க? உங்கள எப்படி நம்பறது?”

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. சார் காகிதத்தைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அவர் கழுத்தில் வியர்வை இறங்குவது தெரிந்தது. அப்போதும் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. பார்க்காததுதான் என்னை நகர்த்தியது.

“அந்த லெட்டர எழுதினது இவங்க இல்ல” என்றேன். “அப்ப இவங்க ஊர்லயே இல்ல. நான்தான் எழுதினேன். ஒரு நாள் வந்து, கீழ நின்னு பாத்துட்டு, மேல ஒண்ணும் பாக்காம எழுதிட்டேன். அஞ்சு மரம் என்னாலதான் போச்சு.”

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் பெண்கள் பக்கமிருந்து அஞ்சலை எழுந்தாள்.

“சாரு சொல்றது நெசந்தான். கொட்டைய பூரா பொறுக்குனது நானுதான். எங்கம்மாளும் பொறுக்குனா. ஒண்ணு மண்ணுல வுழணும்னு ஒருநாளும் நெனச்சதில்ல. உங்க ஆடுங்க தின்னுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. ஆனா பொறுக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க. மழைக்கு எங்க வூட்டுல அடுப்பெரியறது அதுலதான்.”

ஒரு கிழவர் சிரித்தார். “என் ஆடுதான்பா ஜாஸ்தி” என்றார். அதோடு சூடு தணிந்துவிட்டது. அதன் பிறகு பேசியதெல்லாம் என்ன செய்யலாம் என்பதுதான். ஐந்து மரத்தைச் சுற்றி வேலி. அதற்குள் கொட்டை பொறுக்கவும் கூடாது, ஆடு விடவும் கூடாது. மற்ற மரங்களில் வழக்கம்போல் பொறுக்கிக்கொள்ளலாம். விழுந்த அன்றே ஒரு கூடைக் கொட்டையை அஞ்சலை நர்சரிக்குக் கொண்டுவர வேண்டும். புல்லுருவியை அகற்றுவது எங்கள் பொறுப்பு.

திரும்பும்போது சார் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். ரோடு ஏறும் இடத்தில் நின்றார். “ஏணிக்கு நாளைக்கே சொல்லிருங்க தம்பி” என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து எந்தக் கடிதத்தையும் என்னை எழுதவிட்டு, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

தெருவிளக்குப் பிரிவிலிருந்து நீள ஏணியை இரவல் வாங்கிக் கிளை கிளையாகப் புல்லுருவியை அறுத்தோம். ஒட்டிய இடத்தோடு சேர்த்துக் கிளையை வெட்டினால்தான் அது போகும். இருபது நாள் பிடித்தது. ஆடுகளுக்குத்தான் கொண்டாட்டம். கூடையில் வந்த கொட்டைகளை அன்றைக்கன்றே விதைத்தோம். சில வாரங்களில் நர்சரி முழுக்கச் செம்பு நிறத் துளிர். பிறகு அஞ்சலைக்கு நர்சரியில் வேலை பர்மனென்ட் ஆயிற்று. இலுப்பைப் பாத்திகள் அவள் பொறுப்பு. அந்தப் பக்கம் வேறு யாரையும் தண்ணீர் ஊற்றக்கூட விடமாட்டாள்.

கன்றுகளைத் தோப்பில் காலி இடங்களில் நட்டோம். வேலிக்குள்ளும் தானாகச் சில முளைத்தன. எல்லாம் பிழைத்தன என்று சொல்லமாட்டேன். இலுப்பை அவசரப்படாத மரம். அறுபதுகளின் கடைசியில் அவை என் தோளுயரத்துக்கு வந்திருந்தன. பெரிய மரங்களில் சில எங்கள் கையை மீறிப் பட்டுப்போயின. அதற்குக் காரணம் கடைசிவரை தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதிவைத்தோம். இன்றைக்கு ஊர் ஊராக இலுப்பை குறைந்ததற்கும் இப்படிப் பல காரணங்கள் கைகோத்துத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். இதை ‘நினைத்தது’ பத்தியில் எழுதிக்கொள்ளும்படி அந்த அலுவலரைக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் பெரிய பதவி எதுவும் வரவில்லை. ஆனாலும் வேலைக்குப் போன நாட்களை நினைத்தால் மனம் நிறைவாகவே இருக்கிறது. அதிலும் ஒரு பங்குனிக் காலை.

கன்றுகளைப் பார்க்கத் தோப்புக்குப் போயிருந்தேன். பூப்பருவம். தரை முழுக்க வெளிர் மஞ்சளில் இலுப்பைப் பூ உதிர்ந்து கிடந்தது. காற்றே தித்தித்தது. அஞ்சலை லீவு போட்டுவிட்டு ஒரு பெரிய மரத்தடியில் பூ பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். தளதளவென்று புதுத் துளிர், கிளை நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூ.

“இது எந்த மரம்னு தெரியுதுங்களா சார்?” என்றாள்.

தெரியவில்லை.

“நீங்க வெட்டச் சொன்ன எட்டுல இதுவும் ஒண்ணு. மிஞ்சுன மூணுல நல்லாப் பூக்கறது இதான்.”

அவள் முறத்திலிருந்து இரண்டு கை நிறையப் பூவை அள்ளினாள். மண்ணை ஊதித் தள்ளிவிட்டு என் உள்ளங்கையில் கொட்டினாள்.

“துன்னுங்க. நல்லாத்தான் இருக்கும்.”

நின்ற இடத்திலேயே தின்றேன். கடைசிப் பூ தீரும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த மரத்தடிக்குப் போனாள்.